துண்டுக்குள் வான்கூவர்

எங்கள் தெருவில் வயதைச் சொல்லாத பெண்கள் உண்டு. சம்பளத்தைச் சொல்லாத ஆண்கள் உண்டு. எதையுமே எண்ணிச் சொல்லாத மனிதர் அவர் ஒருவர்தான். விலை, வயது, மணி, தேதி, பெற்ற பிள்ளைகளின் தொகை, எதுவானாலும் சரி, அவர் வாயிலிருந்து எண் வராது. கேட்டவர் ஆணாக இருந்தால் அவர் கையைப் பிடித்து, தோளில் கிடக்கும் துண்டை அதன்மேல் போட்டு, உள்ளே விரலை அழுத்துவார். கேட்டவர் பெண்ணாக இருந்தால் வானத்தைப் பார்ப்பார்.

அவர் முத்துத் தரகர். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் கை பிடித்து விலை பேசுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தூத்துக்குடியில் முத்துக்கும் அதே வழக்கம்தான். சரக்கு நடுவில் இருக்கும். விற்பவன் கையும் வாங்குகிறவன் கையும் துண்டுக்குள் பேசிக்கொள்ளும். சுற்றி நிற்பவர்களுக்கு முகம் மட்டும்தான் தெரியும், அந்த முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. நான் சொல்வது எழுபதுகளின் நடுவில் நடந்தது. முத்துக்குளிப்பு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. அவர் சங்கு, பழைய வீடு, தோணி, தோணியில் பங்கு என்று கிடைத்ததற்கெல்லாம் தரகு பார்த்தார். சரக்கு மாறியது, துண்டு மாறவில்லை. நீலக் கரை போட்ட அந்தத் துண்டு நிஜமாகவே மாறவில்லையோ என்று எனக்குச் சந்தேகம்.

அதற்குச் சில வருஷம் முந்தி ஜனத்தொகைக் கணக்கெடுக்க ஸ்ரீவைகுண்டத்துப் பக்கத்து வாத்தியார் ஒருவர் வந்தார். நெல் விளையும் ஊர்க்காரர், பாவம், எங்கள் வழக்கம் தெரியாது. "வீட்டுல எத்தனை பேரு அண்ணாச்சி?" என்று கேட்ட மறுகணம் அவர் கை துண்டுக்குள் இருந்தது. லஞ்சம் கொடுக்கிறார்கள் என்று பதறி, கையை உதறிக்கொண்டு வாசல்படியில் இறங்கிவிட்டார். அடுப்படியிலிருந்து அத்தை, அதாவது தரகரின் மனைவி, தொகையைக் கத்திச் சொல்லி அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. இன்னொரு தடவை மாமாவுக்கு, தரகரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், காய்ச்சல். டாக்டர் நாடி பார்க்கக் கையைப் பிடித்தார். மாமா, முனகிக்கொண்டே, துண்டை எடுத்து அதன்மேல் போட்டார். திருச்செந்தூர் பஸ் கண்டக்டர்களுக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது. டிக்கெட் எத்தனை என்று கேட்க மாட்டார்கள், கையை நீட்டிவிடுவார்கள்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காலையிலிருந்து சாயங்காலம் வரை எண்களை வாயால் சொல்லிப் பிழைக்கிறவள். அவருக்கு என் வேலைமீது அவ்வளவு மதிப்பு கிடையாது. பம்பாய்க்கு டிரங்கால் போட வேண்டுமென்றால் நேரில் வந்து, நம்பரைச் சீட்டில் எழுதிக் கண்ணாடித் தடுப்புக்கு அடியில் தள்ளுவார். லைன் கிடைத்ததும் பேச்சு இப்படி இருக்கும்:

"ஆமா, அன்னைக்குப் பேசுனதுதான். இல்ல, அதுக்கும் கீழ. இன்னுங் கீழ. இப்ப மேல போயிட்டியளே."

கீழே மேலே என்று நேரம் முழுவதும் ஓடிவிடும். கடைசியில் பம்பாய்க்காரர் பொறுமை இழந்து, விலையைச் சொல்லுமய்யா என்று கத்துவார். மாமா போனைக் கையால் பொத்திக்கொண்டு கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பார்.

"ஏளா, நீ கேக்கியா?"

"கேக்காம எப்படி மாமா லைன் போடுறது?"

"அப்ப வச்சிருதேன்" என்று வைத்துவிட்டுப் போய்விடுவார். பேசாத பேச்சுக்குக் காசு கட்டிய ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

இவரை நம்பித்தான் எங்கள் அம்மாவின் அமெரிக்கப் பயணம் நடந்தது என்று சொன்னால் இன்றைக்கும் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

அம்மா பெற்றதில் ஊரில் தங்கியவள் நான் மட்டும். அக்கா லண்டனில் நர்ஸ். பெரியண்ணன் கப்பலை விட்டு இறங்கி நியூயார்க்கில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்த்தான். சின்னண்ணன் வான்கூவரில், அங்கேயும் துறைமுகத்தில்தான். அப்பா இறந்தபோது அக்காவும் பெரியண்ணனும் அடித்துப் பிடித்து வந்துவிட்டார்கள். சின்னண்ணன் அப்போது நடுக்கடலில் ஒரு கப்பலில் இருந்தான். தந்தி அவன் கைக்குப் போய்ச் சேரும்போது இங்கே மாத முடிவுப் பூசையே முடிந்திருந்தது. அதிலிருந்து அவனுடைய கடிதங்கள் சுருங்கிச் சுருங்கி, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் ஒரு கையெழுத்து என்று ஆகிவிட்டன. அவனுக்கு வெட்கம். அம்மாவுக்கு அது புரிந்தது. அவனை நேரில் பார்த்து முகத்தைத் தடவினால்தான் அது தீரும் என்றும் புரிந்தது.

அக்கா டிக்கெட் அனுப்புகிறேன் என்று எழுதினாள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"அவ அனுப்புன டிக்கெட்டுல போனா அவ வீட்டுக்குப் போனதாத்தான் கணக்கு. மத்த வீட்டுக்கெல்லாம் நான் விருந்தாளி. எங்காசுல போனாத்தான் எல்லா வீட்டுலயும் நான் அம்மா."

அம்மாவின் காசு என்றால் அப்பாவுக்குத் தோணியில் இருந்த பங்குதான். அதை விற்றுத் தந்தவரும் மாமாதான். அதிலும் ஒரு கூத்து. எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. முடிந்த விலையை அம்மா காதில் சொல்லவும் முடியாது, கையைப் பிடிக்கவும் முடியாது. பக்கத்து வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டு அவர் கையில் அழுத்தி, அவர் வந்து அம்மாவிடம் சொன்னார். "எம்பங்கு வெல எனக்கு முந்தித் தையக்காரருக்குத் தெரியுது" என்று அம்மா ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிக் குமுறினாள்.

துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் விமானக் கட்டணம் கேட்டோம். அம்மாவின் காசுக்கு லண்டன் போகலாம், அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க் போகலாம், திரும்பி வரலாம். வான்கூவர் என்பது அமெரிக்கக் கண்டத்தையே குறுக்கே கடந்து அடுத்த கடலோரம். அங்கே போனால் திரும்பி வரக் காசு இருக்காது.

"அப்ப வேண்டாம்" என்றாள் அம்மா. "ரெண்டு வீட்டுக்குப் போயிட்டு அவனை மட்டும் விட்டுட்டு வந்தா, அப்பா அடக்கத்துக்கு வராததுக்குப் பழி வாங்குதான்னு நெனப்பான். போகாமயே இருந்துக்கிடுதேன்."

பாஸ்போர்ட், விசா, அரசாங்க அனுமதி எல்லாம் ஓடி ஓடி வாங்கி வைத்திருந்த எனக்கு அழுகை வந்தது. சேதி கேட்டு மாமா வந்தார்.

"எங்கன எல்லாம் வெல கேட்டிய?"

"எங்க கேட்டாலும் அதே விலைதான் மாமா. எந்த ஏர்லைன்ஸா இருந்தாலும் ஒரே விலை. அச்சடிச்ச புஸ்தகம் இருக்கு."

அவர் முகம் மலர்ந்தது. "எல்லாவனும் அதே வெலையச் சொல்லுதான்னா, நெசமான வெல வேற எங்கனயோ ஒளிஞ்சு கெடக்குன்னு அர்த்தம். கெளம்புளா, மெட்ராசுக்குப் போவோம்."

அத்தையும் கூட வந்தாள். ரயிலில் டிக்கெட் கேட்கவும், ஓட்டலில் இட்லி இத்தனை என்று சொல்லவும் ஆள் வேண்டுமே. மெட்ராசில் அவள் சாந்தோமில் தங்கை வீட்டில் இறங்கிக்கொள்ள, நானும் மாமாவும் மவுண்ட் ரோட்டில் ஏறி இறங்கினோம்.

பெரிய ஏர்லைன்ஸ் ஆபீசுகளில் அவர் துண்டுக்கு மரியாதை இல்லை. முதல் ஆபீசில் கவுண்டரில் இருந்தது ஒரு பெண். மாமா உடனே கூரையைப் பார்த்தார். அந்தப் பெண் விலையைப் புஸ்தகத்தில் பார்த்து அந்த அறையே கேட்கும்படி தெளிவாக வாசித்தாள். மாமா காதைப் பொத்தாத குறை. அடுத்த ஆபீசில் ஓர் ஆண் இருந்தார். மாமா ஆவலோடு கவுண்டர்மேல் துண்டை விரித்தார். அவர் அதை ஏதோ துடைக்க வைத்திருக்கிறார் என்று நினைத்து, "நாங்களே துடைச்சுக்குவோம் சார்" என்று நகர்த்தி வைத்தார். வெளியே வந்து மாமா சொன்னார், "இவனுவ யாவாரியே இல்லளா. பள்ளிக்கூடத்துல பாடம் ஒப்பிக்கானுவ."

மூன்றாவதாகப் போனது ஒரு சந்துக்குள், மாடியில் இருந்த சின்ன டிராவல் ஏஜென்சி. முதலாளி வடக்கத்திக்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். லண்டன் வழியாக அமெரிக்கா போய்வர என்று மாமா சொல்ல, அவரும் அதே விலையைச் சொன்னார். மாமா தோளிலிருந்து துண்டை எடுத்தார். முதலாளி துண்டைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். அவருடைய அப்பாவுக்கு வைர வியாபாரமாம். அங்கேயும் துணிக்குள்தான் பேச்சாம்.

பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. விமானக் கட்டணத்தைக் குறைத்து விற்கக் கூடாது என்று கட்டுப்பாடு. ஆனால் ஏஜென்டுக்குக் கமிஷன் உண்டு. அதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆள் பிடிப்பார்கள். அதை வாயால் சொன்னால் வம்பு. ஊர் முழுக்க உரக்கச் சொல்லும் விலை ஒன்று, யாரும் சொல்லாத விலை ஒன்று. மாமாவின் துண்டுக்கென்றே செய்துவைத்த தொழில் அது. சங்கை விட்டுவிட்டு அவர் முதலிலேயே விமானத்துக்கு வந்திருக்க வேண்டும்.

துண்டுக்குள் வெகுநேரம் பேச்சு நடந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். முதலாளி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை முதலாளி கையை உருவப் பார்த்தார், மாமா விடவில்லை. கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை எடுத்தார்கள். முடிந்தது.

"எவ்வளவு மாமா?" என்றேன். வானத்தைத்தான் பார்த்தார். ஆனால் பணம் என் கைப்பையில் இருக்கிறது, தொகை அவர் தலையில் இருக்கிறது, கட்டியாக வேண்டும். ஆகவே நான் நோட்டுக் கட்டுகளை எடுத்து எடுத்து மேசையில் வைத்தேன். "வை. இன்னும் வை. இன்னுங் கொஞ்சம். ம். அந்தக் கட்டை மட்டும் திரும்ப உள்ள போடு." பையில் மிச்சம் இருந்தது. நல்ல மிச்சம். சாந்தோம் போகிற வரைக்கும் மாமா நிலத்தில் கால் பாவாமல் நடந்தார். நானும்தான்.

மறுநாள் டிக்கெட் வாங்கப் போனோம். முதலாளியின் ஆபீசில் அன்று கூட்டம். கோட்டுப் போட்ட ஒருவர், லண்டன் போகும் ஒரு குடும்பம், யாரோ ஒரு பேராசிரியர். டிக்கெட்டை வாங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். மெட்ராஸ், பம்பாய், லண்டன், நியூயார்க். அதற்கடுத்த தாளில் மறுபடி லண்டன், பிறகு பம்பாய், பிறகு மெட்ராஸ்.

வான்கூவர் இல்லை.

நடந்தது இதுதான். முத்தை விலை பேசும்போது முத்து நடுவில் இருக்கும். எதை விற்கிறோம், எதை வாங்குகிறோம் என்று யாரும் சொல்ல வேண்டியதே இல்லை. அந்தப் பழக்கத்தில் மாமா விலையை மட்டும் பேசிவிட்டார். மூன்று பிள்ளைகளின் ஊருக்கும் சேர்த்துத்தான் என்று அவர் நினைத்தார். அமெரிக்கா என்றால் நியூயார்க் வரைக்கும்தான் என்று முதலாளி நினைத்தார். அத்தனை நேரம் அழுத்திக்கொண்ட விரல்களில் எதுவும் ஊர்ப் பேரைச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. நானாவது வாயைத் திறந்து மூன்று ஊர் என்று சொல்லியிருக்கலாம். ஆண்கள் கை பேசும்போது பெண் வாய் பேசக் கூடாது என்று நின்றிருந்தேன்.

பையில் இருந்த மிச்சத்தைக் காட்டி, இது போதுமா என்று கேட்டேன். நியூயார்க்கிலிருந்து வான்கூவருக்குப் போய்வரத் தனி டிக்கெட் எடுத்தால் அது பாதிக்குக்கூடக் காணாது என்றார் முதலாளி.

மாமா துண்டை எடுத்தார். முதலாளி கையைக் கட்டிக்கொண்டார்.

"துணி போதும் அய்யா. துணியில பேசினது நேத்தோட முடிஞ்சுது. இனிமே பேசணும்னா வாயால பேசுங்க."

துண்டு மாமாவின் கையில் தொங்கியது. கோட்டுக்காரரும் பேராசிரியரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்குத் திரும்பிப்போய் அம்மாவிடம் இதைச் சொல்வதை நான் நினைத்துப் பார்த்தேன். அம்மா அழ மாட்டாள். சரி என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போவாள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. அவரும் அதையே நினைத்திருப்பார் என்றுதான் நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

மாமா துண்டை மடித்துத் தோளில் போட்டார். இரண்டு கைகளையும் வெறுமனே மேசைமேல் வைத்தார்.

"மூணு" என்றார்.

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை.

"அந்த அக்காவுக்குப் பிள்ளைக மூணு பேரு அங்கன இருக்கு. நீரு எழுதியிருக்கது ரெண்டு. ஒண்ணக் காணோம். அந்த ஒண்ணுதான் அப்பன் மொகத்தக் கடைசியாப் பாக்காத பய. அவனப் பாக்காம அவ ஏற மாட்டா."

அடித்தொண்டையிலிருந்து வந்த குரல். வாழ்நாள் முழுக்க அடக்கி வைத்திருந்த எண்கள் எல்லாம் ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டதுபோல இருந்தது. ஆபீசே அடங்கிப்போய்க் கேட்டது. அவர் நிறுத்தவில்லை. இன்னொரு மூச்சு இழுத்தார்.

"நேத்து நாம பேசி முடிச்ச வெல..."

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அச்சடித்த விலையைச் சுளையாக எண்ணி வைத்த கோட்டுக்காரரும் குடும்பமும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். எண்ணத் தொடங்கிவிட்ட இந்த மனிதர் அடுத்து எதை எண்ணப் போகிறார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"அய்யா, அய்யா, துண்டு. துண்டைப் போடுங்க" என்று அவரே மாமாவின் தோளிலிருந்து துண்டை உருவி, அவரே மாமாவின் கையைப் பிடித்து, அவரே மூடினார்.

பிறகு முதலாளி தடித்த புஸ்தகத்தைப் பிரித்து மறுபடி கணக்குப் போட்டார். நியூயார்க்கைக் கடைசி ஊராக வைக்காமல், வான்கூவரைக் கடைசி ஊராக வைத்து, லண்டனையும் நியூயார்க்கையும் போகிற வழியில் இறங்கும் ஊர்களாக எழுதினால் கட்டணம் வேறு மாதிரி வருமாம். மைல் கணக்காம். அதில் ஒரு வழி இருப்பது அவருக்கு முதல் நாளே தெரியும் என்றுதான் எனக்குத் தோன்றியது. பையில் இருந்த மிச்சத்தில் பெரும்பகுதியை, "வை, இன்னும் வை" என்ற முறையில் எடுத்து வைத்தேன். புது டிக்கெட் வந்தது. அம்மா யாரை விட்டுவிட வேண்டியிருக்குமோ என்று பயந்தாளோ, அவன் வீடே பயணத்தின் முடிவு என்று ஆகிவிட்டது. அக்காவும் பெரியண்ணனும் வழியில் இருக்கும் வீடுகள்.

மாடிப்படி இறங்கும்போது மாமா சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். சோடா வாங்கிக் கொடுத்தேன்.

"ஊருல சொல்லிராதளா."

"எதை மாமா? கொறைச்ச விலையையா?"

"அது கெடக்கு. நான் எண்ணிச் சொன்னத."

அவர் மனசு பொறுக்காமல் எண்ணினாரா, இல்லை முதலாளியை மிரட்டுவதற்காக எண்ணினாரா என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. பல வருஷம் கழித்து ஒரு தடவை கேட்டேன். வானத்தைப் பார்த்தார்.

அம்மா போனாள். ஒரு பெட்டி நிறைய மக்ரூனும் கருவாடுமாகப் போனாள். அவள் திரும்பி வந்த அன்று ஸ்டேஷனுக்கு நானும் மாமாவும் அத்தையும் போயிருந்தோம். தூத்துக்குடி வெயிலில் அம்மா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இறங்கினாள். சின்னண்ணன் வாங்கிக் கொடுத்ததாம், கழற்ற மனசில்லையாம். அவன் வீட்டுக்குப் போன முதல் நாள் அவன் அம்மாவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்திருந்தானாம். சாயங்காலமானதும், அப்பா கடைசியில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டானாம். அதை அம்மா எனக்கு மட்டும் பிறகு சொன்னாள்.

பிளாட்பாரத்தில் மாமா தள்ளி நின்றார். "யக்கா, பிள்ளைக எல்லாத்தையும் பாத்தாச்சா?" என்று கேட்டார்.

அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினாள்.

மாமா பதறிப்போனார். சுற்றுமுற்றும் பார்த்தார். தோளிலிருந்து துண்டை எடுத்து அந்த விரல்களின்மேல் போட்டு மூடினார்.

"வெளிய காட்டாதிய யக்கா" என்றார்.

துண்டுக்குள் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் இழுத்துக்கொள்ளவில்லை. வானத்தையும் பார்க்கவில்லை. அத்தனை வருஷம் தரகு பார்த்தும் ஒன்றும் தெரியாதபடி வைத்திருந்த முகத்தில் அன்று எல்லாம் தெரிந்தது.